வந்ததற்குப் போட்ட கையெழுத்து

ஜனவரி 6, வியாழன்

ரேஷன் கடையில் பொங்கல் பைக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மெஷினில் விரலை வைத்தேன். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “இருளப்பசாமின்னு ஒரு பேரு இன்னும் இருக்கேம்மா, எடுக்கலியா?” என்றார். எடுக்கணும் என்றேன். “இறப்புச் சான்று கொண்டாந்தா எடுத்திரலாம். அஞ்சு நிமிச வேலை” என்றார்.

அஞ்சு நிமிசம். இருபத்திரண்டு வருசமாக என் பேருக்கு மேல் இருந்த பேரு.

கரும்பும் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சமாக இருந்தது. துக்க வீட்டுக்கு என்ன கரும்பு? எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 7, வெள்ளி

நான் எட்டாவது வரைதான் படித்தேன். மகள் செல்வியின் பழைய கல்லூரி நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது. இதில் எழுதுகிறேன். நான் வாயால் சொல்வதை மற்றவர்கள் எழுதினால் அது வேறாகிவிடுகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்னது: காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். அவர்கள் எழுதியது: மதுபோதையில் கழிவுநீர்த் தொட்டியில் தவறி விழுந்து இறந்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து. அன்றைக்கு எனக்குக் கண் தெரியவில்லை. எங்கே போடச் சொன்னார்களோ அங்கே போட்டேன்.

இப்போது நானே எழுதுகிறேன். வைகுண்டராஜ் முதலாளியின் பேண்டேஜ் கம்பெனியில் என் வீட்டுக்காரர் பதினெட்டு வருசம் வேலை பார்த்தார். துணி வெளுக்கிற பட்டறையில். வெளுத்த தண்ணீரெல்லாம் பின்னால் ஒரு மூடு தொட்டிக்குப் போகும். அக்டோபர் 26-ஆம் தேதி காலையில், அடியில் தங்கிய சேற்றை அள்ள அவரை உள்ளே இறக்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது பால்சாமி. பத்து வருசமாக இவரோடு ஒரே ஷிப்ட், என் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே விஷவாயு.

அவர் குடிக்கவே மாட்டார் என்று எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். குடித்தால் பாட்டுப் பாடுவார், செல்வி காதைப் பொத்திக்கொள்வாள். அவர் செத்தது செவ்வாய்க்கிழமை. பழைய சோறும் துவையலும் சாப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குத் தெரியாத வாசனையா?

குடித்திருந்தார் என்று போலீசில் சாட்சி சொன்னது பால்சாமி.

ஜனவரி 13, வியாழன்

இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பால்சாமியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்துவிட்டார். கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். வரவே இல்லை. பஸ் வந்துவிட்டது.

ஜனவரி 20, வியாழன்

மறுபடியும் ஸ்டேஷன். வீட்டுக்காரர் ரத்தத்தைச் சோதித்த ரிப்போர்ட் வரவில்லையாம். எப்போது வரும்? “வரும்போது வரும்மா.”

பேண்டேஜுக்குக் காஸ் துணி மடிக்கிற என் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். இனிமேல் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஜனவரி 27, வியாழன்

பேரூராட்சித் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். எங்கள் பத்தாவது வார்டு பெண்கள் வார்டு. குழாயடியில் இதே பேச்சு.

“ஏமே கனி, நீ நில்லு” என்றார் வெங்கடேஸ்வரி அக்கா. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு இரண்டும் கலந்து வரும்.

“குடத்த வச்சுட்டு நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“எலெக்சன்ல நில்லுட்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன் என்று அப்புறம்தான் நினைத்தேன். யாரோ, “எட்டாங் கிளாசுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?” என்றாள். அக்கா விடவில்லை. “போன தடவ செயிச்சவரு மூணாங் கிளாசு. வீடு ரெண்டு மாடி வளரல?”

வீட்டுக்கு வந்த பிறகும் அது மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. கவுன்சிலர் ஆனால் தொட்டியை மூடச் சொல்லலாம். கவுன்சிலர் போனால் ஸ்டேஷனில் நாற்காலி போடுவார்கள். அவர் குடிக்கவில்லை என்று ஒருத்தராவது எழுதுவார்கள்.

பிப்ரவரி 4, வெள்ளி

மனு கொடுத்துவிட்டேன். சுயேச்சை. முதலாளியின் ஆள் ஒருத்தி, கம்பெனி மேனேஜரின் மனைவி, இதே வார்டில் நிற்கிறாள். முதலாளியே மூன்றாவது வார்டில் நிற்கிறார். தலைவராக வேண்டுமாம்.

செல்வி என்னோடு பேசவில்லை. பயப்படுகிறாள். நானும்தான்.

பிப்ரவரி 8, செவ்வாய்

சின்னம் கத்தரிக்கோல். “பேண்டேஜ் வெட்டுதவளுக்குச் சரியாத்தான் வந்திருக்கு” என்கிறார்கள். காலை நாலு வீடு, சாயங்காலம் ஆறு வீடு. என்ன கேட்பது என்று தெரியாமல், “தொட்டிய மூடணும்” என்று மட்டும் சொல்கிறேன். எல்லா வீட்டிலும் ஒரு ஆள் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறது. தலையாட்டுகிறார்கள். கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 17, வியாழன்

மேனேஜரின் ஆட்கள் வீட்டுக்கு வீடு எவர்சில்வர் அண்டா கொடுத்தார்கள். தட்டில் சூடம் ஏற்றி, கையால் அணைத்து, ஓட்டு உங்களுக்கே என்று காளியம்மன் பேரில் சத்தியம் செய்தால்தான் அண்டா. எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை மீற மாட்டார்கள். கண் போய்விடும் என்பார்கள். நான் தோற்றேன் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

வெங்கடேஸ்வரி அக்கா அண்டாவோடு வந்து நின்றார்.

“நீங்களுமாக்கா?”

“வாங்குனேன். சூடத்த அணைச்சேன். ஆனா தெலுங்குலதான் சத்தியம் பண்ணேன். உங்க காளியம்மனுக்குத் தெலுங்கு தெரியாதுல்ல?”

தெலுங்கு தெரியாத வீட்டுக்காரிகள் என்ன செய்வார்கள்?

பிப்ரவரி 19, சனி

ஓட்டு. வெயில். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

பதினோரு ஓட்டில் ஜெயித்துவிட்டேன்.

எப்படி என்று தெரியவில்லை. சத்தியத்தை மீறியவர்கள் யார் யார் என்றும் தெரியவில்லை. ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

மொத்தம் பதினைந்து வார்டு. முதலாளி பக்கம் ஏழு. எதிர்க்கட்சி ரத்தினம் பக்கம் ஏழு. நடுவில் நான் ஒருத்தி. மார்ச் 4-இல் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இனிமேல் எல்லாரும் உன் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று அக்கா சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிப்ரவரி 24, வியாழன்

முதலாளி வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கார் வருவது இதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட மேனேஜரிடம்தான் மாலை கொடுத்து அனுப்பினார். இன்றைக்குச் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏம்மா மாரிக்கனி, நீ எனக்கு மக மாதிரி. இருளப்பன் என் கண்ணு முன்னால வளந்த பய.”

“அவிய குடிச்சிருந்தாகளா மொதலாளி?”

சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். “போலீசு எழுதுனதுக்கு நான் என்னம்மா செய்ய?”

காபி குடித்தார். டம்ளரை அவரே கொண்டுபோய் வாசல் பக்கம் வைத்தார். எழுந்திருக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்:

“பொண்ணு ஏழே முக்கால் பஸ்ஸுலதான காலேஜுக்குப் போகுது?”

ஆமாம் என்றேன்.

“அதுல கூட்டம் ஜாஸ்தி. படியில நிக்க வேண்டாம்னு சொல்லு.”

எந்த பஸ் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 25, வெள்ளி

செல்வியை நானே கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் அவள் உட்கார இடம் கிடைக்கும்வரை இறங்கவில்லை. கண்டக்டர் கத்தினார்.

பிப்ரவரி 26, சனி

இன்றைக்கு ரத்தினம். அவருக்குக் குவாரி, லாரி எல்லாம் உண்டு. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி, அவன் மாதிரி சுத்தி வளைக்க மாட்டேன். ஒனக்கு என்ன வேணும்?”

“அந்தத் தொட்டிய மூடணும். அவிய குடிக்கலைன்னு போலீசுல திருத்தி எழுதணும்.”

“அம்புட்டுத்தானா? வேற ஒன்னும் வேண்டாமா?”

“வேண்டாம்.”

அவரோடு வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “மொதக் கூட்டத்துலயே தொட்டிய மூடத் தீர்மானம். இது எம் பிள்ளைக மேல சத்தியம். மத்தது, தலைவரு நாற்காலியில உக்காந்து ஒரு போனு” என்றார்.

சரி என்றேன். ஒருத்தர் பயமுறுத்துகிறார், ஒருத்தர் சத்தியம் செய்கிறார். நான் சத்தியம் செய்தவரைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? செல்வி அப்பா, நீங்க இருந்தா என்ன சொல்லிருப்பீக?

மார்ச் 2, புதன்

காலையில் பதவிப் பிரமாணம். உளமார உறுதி கூறுகிறேன் என்ற இடத்தில் நிறுத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். எல்லாரும் துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். துக்கம்தான்.

வாசலில் வேன் நின்றது. ரத்தினம் பக்கத்து ஏழு பேரும் நானும் ஏறினோம். மற்ற பக்கம் இழுத்துவிடாமல் இருக்க, ஓட்டு நாள்வரை குற்றாலத்தில் தங்க வேண்டுமாம். இராஜபாளையம் தாண்டியதும் ஒரு பையைக் கொண்டுவந்து போனையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். செல்வியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தருகிறேன் என்றேன். “வீட்டுக்கு நாங்க ஆள் போட்டிருக்கோம் தங்கச்சி” என்றார் ரத்தினம்.

ஆள் போட்டிருக்கோம். அது காவலுக்கா, எதற்கு?

மார்ச் 3, வியாழன்

அருவியில் தண்ணீர் இல்லை. பாறை கறுப்பாக நிற்கிறது. லாட்ஜில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மூன்று வேளையும் கறிச்சோறு. துக்கத்தில் நான் இன்னும் கறி சாப்பிடுவதில்லை என்று சொன்னதும், ஒருவர், “கவுன்சிலரம்மா விரதம்!” என்று கேலி செய்தார்.

மத்தியானம் மாடியிலிருந்து கீழே பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார். எங்கள் தெருவுக்குள் வந்த அதே கார். முதலாளியின் டிரைவரும் ரத்தினத்தின் டிரைவரும் பானெட்டில் பேப்பரை விரித்து ஒரே பொட்டலத்துப் பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரத்தினத்திடம் கேட்டேன். “டிரைவர்மாருக்கு ஏதும்மா கட்சி?” என்று சிரித்தார்.

மார்ச் 4, வெள்ளி

ஓட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறைப்புக்குள் நின்றேன். இரண்டே பெயர். ஒன்று அவரைத் தொட்டியில் இறக்கியவர். இன்னொன்றுக்குப் போட்டேன்.

எட்டுக்கு ஏழு. ரத்தினம் தலைவர். வெடி போட்டார்கள்.

மத்தியானம் துணைத் தலைவர் தேர்தல். முதலாளி பக்கத்துக் கவுன்சிலர், அவர் மருமகள் மகாலட்சுமி எழுந்து நின்றாள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. எங்களோடு குற்றாலத்தில் கறிச்சோறு தின்ற ஏழு பேரும் கை தட்டினார்கள். ரத்தினம்தான் முதல் மாலை போட்டார். முதலாளி அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்த கவுன்சிலரிடம், “என்னண்ணே இது?” என்றேன்.

“காலையில ஒருத்தருக்கு, மத்தியானம் ஒருத்தருக்கு. பந்தி நடந்தா ரெண்டு பக்கமும் எலை போடணும்ல?”

அப்படியென்றால் என் ஓட்டு எதற்கு?

மார்ச் 11, வெள்ளி

ஸ்டேஷனில் நாற்காலி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 30, புதன்

முதல் கூட்டம். உள்ளே நுழையும்போதே கிளார்க் ஒரு பெரிய புத்தகத்தை நீட்டினார். “வந்ததுக்கு ஒரு கையெழுத்தும்மா.” பக்கத்தின் அடியில் பதினைந்து பெயரும் வரிசையாக இருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை.

“மேல வெறுமையா இருக்கே?”

“அது பொறவு எழுதுவோம். தீர்மானம் நெறைய இருக்குல்ல, உங்கள உக்கார வச்சுக்கிட்டா எழுத முடியும்?”

எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். ஜெயித்த நாளிலிருந்து வீட்டில் கையெழுத்துப் பழகினேன். இன்றைக்குத்தான் கோணாமல் வந்தது. செல்வியிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரி.

வடை, டீ. கிளார்க் ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றுக்கும் “சரி, சரி” என்றார்கள். ஒன்பதாவது வந்தது. “பத்தாவது வார்டு உறுப்பினர் திருமதி மாரிக்கனி அவர்களின் கோரிக்கையின்படி, மேற்படி கம்பெனியின் பழைய கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து நிரந்தரமாக மூடவும்...”

என் பெயர் சபையில் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரத்தினம் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

கிளார்க் நிறுத்தவில்லை. “...அதற்கு மாற்றாக, அதே வார்டில் குடிநீர்க் குழாயை ஒட்டியுள்ள பொது இடத்தில், மேற்படி கம்பெனி பெரிய அளவில் புதிய தொட்டி அமைத்துக்கொள்ளவும் அனுமதிக்கலாம்.”

எழுந்துவிட்டேன். “நான் இப்பிடிக் கேக்கல.”

“மூடச் சொன்னியா இல்லியா தங்கச்சி?” என்றார் ரத்தினம். “மூடுனா அந்தத் தண்ணி எங்க போகும், ஒன் வீட்டு அண்டாவுக்கா?”

சபையே சிரித்தது. மகாலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சம்மதமில்லைன்னு எழுதுங்க” என்று கிளார்க்கிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 6, புதன்

தீர்மான நகல் வாங்கினேன். ஒன்பதாவது தீர்மானத்தின் கடைசி வரி: ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.

கீழே என் கையெழுத்து. கோணாமல்.

ஏப்ரல் 8, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஞானபாக்கியம் என்று ஒரு பெண் வக்கீல், ஏழைகள் கேஸ் பார்ப்பவர். மத்தியானம் வரை காத்திருந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“இது உங்க கையெழுத்துத்தானம்மா?”

“நான் வந்ததுக்குப் போட்டது மேடம். அப்ப மேல ஒன்னுமே எழுதல.”

“எல்லா ஊர்லயும் வந்ததுக்குப் போடுறதுதான்” என்றார். “இத மீறி கேஸ் போடலாம். ஆனா கேக்கப் போறது ஒரே கேள்வி. படிக்காம ஏன் போட்டீங்க?”

இது இரண்டாவது தடவை. அவர் செத்த அன்றைக்கு ஒன்று. இப்போது ஒன்று. அன்றைக்குக் கண் தெரியவில்லை. இப்போது கண் நன்றாகத்தானே தெரிந்தது?

வக்கீல் காசு வாங்கவில்லை. கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 11, திங்கள்

விருதுநகர் போய் மனு கொடுத்தேன். சீட்டுக் கொடுத்தார்கள். எப்போது விசாரிப்பார்கள் என்று அதில் இல்லை.

ஏப்ரல் 14, வியாழன்

குழாயடியில் பொக்லைன் வந்து நிற்கிறது. வெங்கடேஸ்வரி அக்கா என் வாசலில் நின்று கத்தினார். தெருவே பார்த்தது.

“உன்ன எலெக்சன்ல நிப்பாட்டுனது நானு! சூடத்த அணைச்சுட்டுப் பொய் சொன்னவ நானு! எனக்குக் கண்ணு போகல, அதுக்குப் பதிலா எம் வாசல்ல தொட்டி வருது!”

நகலைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. “நீ கையெழுத்துப் போட்டியா, போடலியா? அத மட்டும் சொல்லு.”

போட்டேன் என்றேன்.

அத்தோடு போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஏப்ரல் 18, திங்கள்

காலையிலேயே வாசலில் ஆட்கள். என்னவோ ஏதோ என்று வெளியே வந்தால் ஒருத்தர் வணக்கம் போடுகிறார். பழைய தொட்டியை அள்ள, புதுத் தொட்டியைத் தோண்ட ஆள் எடுக்கிறார்களாம். பத்தாவது வார்டு ஆட்களுக்குத்தான் முதல் உரிமையாம். கவுன்சிலர் லெட்டர் வேண்டுமாம். மேனேஜர் அனுப்பியிருக்கிறார்.

“ஒங்க புண்ணியத்துல மூணு மாசம் வேலக்கா” என்றான் வினோத். போன வருசம்தான் கல்யாணம் ஆன பையன்.

என் புண்ணியம்.

யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர், “புருசன் போனா போனான், ஊரான் பொழப்புமா போகணும்?” என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

ஏப்ரல் 20, புதன்

சாயங்காலம் பால்சாமி வந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு என் வீட்டுப் படியில். போட்டோ பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மெலிந்துபோயிருந்தார்.

“மதினி, லெட்டரு வேணும்.”

“எந்தத் தொட்டிக்கு?”

“பழசுக்கு. மூடணும்னா மொதல்ல அள்ளணும்ல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டியை மூடணும், மூடணும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேனே, ஒரு ஆள் உள்ளே இறங்காமல் அது எப்படி மூடும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லையே. பதினெட்டு வருசம் அங்கே வேலை பார்த்தவருக்குப் பொண்டாட்டி நான். எனக்கே தோணலியே.

“அவரு செத்த எடத்துல நீ எறங்குவியா?”

“நான் எறங்கலேன்னா வினோத்து எறங்குவான். அவனுக்கு அந்த வேல தெரியாது மதினி. மூச்ச எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு ஒன்னும் தெரியாது.”

“அன்னைக்கு என்ன நடந்துச்சு பால்சாமி?”

“கேக்காதீக.”

“அவிய குடிச்சிருந்தாகளா?”

“கேக்காதீக மதினி. நீங்க லெட்டரு குடுக்கலேன்னா ஒம்பதாவது வார்டுல வாங்கிட்டு எறங்கிருவேன்.”

கொடுக்கவில்லை. எழுந்து போனார்.

ஏப்ரல் 26, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போய் நாளைக்கு ஆள் இறக்கப் போகிறார்கள், நிறுத்துங்கள் என்றேன். எழுத்தர் என் தீர்மானத்தையே எடுத்துக் காட்டினார். “சுத்தம் செய்து மூடவும்னு நீங்களே சொல்லிருக்கீங்க மேடம்.” கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன். மனு அனுப்பி வைக்கப்பட்டிருக்கிறதாம். எங்கே என்று தெரியவில்லை.

செல்வி, “நீ என்னம்மா செய்வ, விட்டுரு” என்றாள். அழுதாள். நான் என்ன செய்வேன்? பத்து விரலும் ஒரு நோட்டும்தான் இருக்கிறது.

நான் கவுன்சிலர். கேட்டில் என்னைத் தடுக்க முடியாது. அது ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 27, புதன்

எட்டு மணிக்கே கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் மேனேஜருக்குப் போன் போட்டான். “கவுன்சிலரம்மாவா? உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க” என்று அவரே வந்தார். காபி வேண்டாம், தொட்டியடிக்குப் போகணும் என்றேன். “ஒங்க தீர்மானந்தான, வந்து பாருங்க” என்றார்.

அந்த இடத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை சின்ன வாய். ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் இறங்க முடியும். மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். நாலு பேர் நின்றார்கள். முகமூடியும் இல்லை, ஒன்றும் இல்லை, மூக்கில் கட்ட எங்கள் பேண்டேஜ் துணிதான்.

இறங்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வினோத் கீழே பார்த்தான். “நாங்க இல்லேன்னா வேற நாலு பேருக்கா.”

சரி. நான் இந்த நோட்டை விரித்தேன். இறங்குகிறவன் வாயை என்னிடம் ஊதிக் காட்ட வேண்டும், குடிக்கவில்லை என்று இதில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் இறங்க வேண்டும் என்றேன். மேனேஜர் சிரித்துவிட்டார். “கவுன்சிலரம்மா, நீங்க டிராபிக் போலீசு ஆயிட்டீக.”

“ஆமா” என்றேன்.

முதலில் வினோத். “அக்கா, காலைல வெங்காயம் கடிச்சிருக்கேன், மூக்கப் பொத்திக்கோங்க.” வெங்காயம்தான். எழுதினான், போட்டான். அடுத்து இரண்டு பேர். எழுதியதை நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். படித்த பிறகுதான் கையெழுத்துப் போட விட்டேன். மேலே ஒரு வரிகூட வெறுமையாக விடவில்லை.

கடைசியில் பால்சாமி. முதலில் இறங்குவது அவர்தான். பேனாவை வாங்கிக்கொண்டு தரையில் குந்தினார். வெகுநேரம் எழுதினார். மேனேஜர், “பேரும் நேரமும் எழுத எம்புட்டு நேரம்லே?” என்று அதட்டினார். பால்சாமி நிமிரவில்லை.

அவர் எழுதியது இது. இந்தப் பக்கத்தில் இது மட்டும் என் எழுத்து இல்லை:

பால்சாமி. காலை 8.50. நான் குடிக்கவில்லை. அக்டோபர் 26ம் தேதி இருளப்பண்ணனும் குடிக்கவில்லை. தூக்குலே தூக்குலேன்னு கத்துனாரு. கயிறு கனத்துச்சு. நான் பயந்து விட்டுட்டு ஓடிட்டேன். குடிச்சிருந்தாருன்னு சொல்லச் சொன்னது மேனேஜர். சொன்னது நான். பால்சாமி.

படித்தேன். முழுவதும் படித்தேன். மேனேஜர் கையை நீட்டினார். “என்ன எழுதிருக்கான்?”

“பேரும் நேரமும்” என்று சொல்லி நோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

பால்சாமி மூக்கில் துணியைக் கட்டினார். என்னைப் பார்க்கவில்லை. தோளைக் குறுக்கி உள்ளே போனார். நான் கயிற்றுப் பக்கம் நின்ற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

9.15-க்கு ஏறி வந்தார். கண் சிவந்து, வாந்தி எடுத்தார். அவருக்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கிய மற்ற மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். நேரம் எழுதியிருக்கிறேன். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன், நோட்டைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக முடியாது. இன்றைக்கு மேல்சேறுதான் அள்ளியிருக்கிறார்கள். நாளைக் காலையில் அடிச்சேறு அள்ள இறங்குகிறார்கள்.